வேலமரத்துப் பை

மலையாடு பார்க்க வரும் விருந்தினருக்குக் கூடாரம் போட, சுவைலிமும் அவன் சித்தப்பா மகன் ஃபரஜும் முன்னதாகவே மலையேறியிருந்தார்கள். வேலமரத்தில் சுவைலிம் தொங்கவிட்டிருந்த பை அவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்த அவன் கெட்டிலில் யாரோ தேநீர் போட்டுக் குடித்திருந்தார்கள். கெட்டில் இன்னும் சுட்டது.

"மரத்துல நம்பித் தொங்கவிட்டுப் போன பையில கை வைக்கிறவன் மனுஷனாடா? சினாய் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு மானங்கெட்டவன் உண்டா?"

ஃபரஜ் குனிந்து மணலில் தடம் பார்த்தான். "அண்ணே, இடது செருப்பு குதிகால்கிட்ட கிழிஞ்சிருக்கு."

"எனக்குந்தான் இன்னிக்குக் காலைல கிழிஞ்சுது. அதுக்கென்ன?"

"தடம் பாறை விளிம்புக்குப் போகுது. திரும்பி வந்த தடமே இல்ல. போவாதண்ணே."

"நாலு அறை விடாம விடுவேனா அவன?" சுவைலிம் விறுவிறுவென நடந்தான்.

ஃபரஜ் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு தடமும் விழவில்லை. அண்ணன் வைத்த ஒவ்வோர் அடியும், ஏற்கெனவே அங்கிருந்த தடத்தில் அச்சாகப் பொருந்திக்கொண்டே போனது.