வியாழக்கிழமைக் கையெழுத்து

"ஒரே ஒரு கையெழுத்துக்காகக் கால் ஒடிஞ்சவளை மூணு மாடி ஏறி வரச் சொல்றாங்க. இந்த வக்கீலம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

போனை வைத்த அண்ணன் பொரிந்து தள்ளினான்.

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். கார் இடித்துத் தூக்கிப் போட்ட நாளிலிருந்து, தண்ணீருக்கு அடியிலேயே கிடப்பது போலிருந்தது அவளுக்கு. பேச்செல்லாம் எங்கோ மேலே கேட்டது. 'எலும்பு சேர்ந்தாச்சு, இனி நடந்து பழகணும்' என்று டாக்டர் சொன்னதும் அப்படித்தான் கேட்டது.

"நீ அலட்டிக்காதேம்மா. கேஸ் முடியிறவரைக்கும் படுத்தே இரு" என்றான் அண்ணன்.

வக்கீலம்மா விடவில்லை. "வாராவாரம் வியாழக்கிழமை நேர்ல வந்தாகணும். இல்லேன்னா நஷ்டஈட்டு வழக்கை வேற யார்கிட்டயாவது கொடுத்துக்குங்க."

லிஃப்ட் இல்லாத கட்டடம். ஊன்றுகோலோடு முதல் தடவை ஏறி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. வக்கீலம்மா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

"கல்நெஞ்சு" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

வாரங்கள் நகர்ந்தன. படிக்கட்டு ஜன்னலில் மஞ்சள் வெயில். அதில் மிதக்கும் தூசி. தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆழத்திலிருந்து மெல்ல மேலே வருபவள் போல அவள் ஏறினாள். ஒரு வியாழனன்று, ஊன்றுகோலைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது மூன்றாவது மாடிக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கார்க்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்து வழக்கு முடிந்த அன்று, அண்ணன் குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டான்.

"பதினாலு வாரம் கையெழுத்து வாங்கினீங்களே, அந்தத் தாளுக்கெல்லாம் காப்பி கொடுங்க."

குமாஸ்தா நெளிந்தார். "அதெல்லாம் கோர்ட்டுக்கே போகலை சார். வழக்குக்கு வேண்டிய கையெழுத்தை உங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வாங்கியாச்சு."

"அப்புறம் எதுக்கு என் தங்கச்சியை இந்தப் பாடு படுத்தினீங்க?"

குமாஸ்தா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க ஒருநாள் தனியா வந்து, 'தங்கச்சி நடந்துட்டா தொகை குறைஞ்சிடுமா'ன்னு கேட்டீங்களே சார்... அன்னிக்குத்தான் வக்கீலம்மா முதல் தாளை டைப் அடிக்கச் சொன்னாங்க."