வெல்லத்துண்டு

பேராசிரியை சுகந்தி அந்தக் கால இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் நாவல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அதற்காக மூன்று வருடம் மான்செஸ்டர் நூலகங்களிலேயே கிடந்தவர். அன்று வகுப்பில் பஞ்சுத் தூசியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து கோகிலவாணி எழுந்தாள்.

"எங்கம்மா ஸ்பின்னிங் மில்லுக்குத்தானுங்க மேடம் போகுது. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுக்கும். தொண்டையில ஒட்டுன பஞ்சு அதுல எறங்கிருமாமா. நாங்க கேட்டாக் குடுக்காதுங்க. மருந்துன்னு சொல்லிப்போடும்."

வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. சுகந்தியின் பாடத்துக்கு ஒரு நாளும் அப்படி யாரும் நிமிர்ந்ததில்லை. அவருடைய நானூறு பக்க ஆய்வில் அந்த வெல்லத்துண்டு இல்லை.

"சொந்தக் கதை போதும், உட்காரு" என்றார். அந்தப் பருவத் தேர்வில், ஆங்கிலம் போதவில்லை என்று எழுதி அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

அடுத்த மாதம் சென்னையில் கருத்தரங்கு. கட்டுரையின் நடுவில் வெல்லத்தைச் சேர்த்து வாசித்தார். அரங்கம் அசையாமல் கேட்டது. முடிந்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார்.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையேம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோகிலவாணியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"எங்கம்மா மில் வேலைக்குப் போனவங்க சார்."

டாக்டரின் மனைவியான அவர் அம்மா மில் வாசலைக்கூட மிதித்ததில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சுகந்திக்கு உண்மையாகவே அழுகை வந்தது.