சம்பந்தி இறங்கிய ஏரி

லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் துண்டைப் போட்டுப் பாதி முகத்தை மறைத்தபடி ஏரிக்கரையில் இறங்கிய ஆளைப் பார்த்ததும் பிரான்சுவா நடையை நிறுத்தினார். சந்தேகமே இல்லை, லூர்துபிரகாஷ்தான். சம்பந்தியாகப் போகிறவர் மாறுவேடத்தில் மாப்பிள்ளையை வேவு பார்க்க வந்திருக்கிறார்.

லூர்துபிரகாஷ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு உடுப்பில் அவரைக் கதிர்காமத்தில் யாரும் பார்த்ததில்லை. அவர் மகள் ஜாஸ்லினை நெல்லித்தோப்பு வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவர பிரான்சுவா ஆறு மாதமாக நடையாய் நடந்திருந்தார். இன்று பதினோரு மணிக்கு, பூசை முடிந்ததும், குடும்பத்தோடு வந்து லூர்துபிரகாஷ் முடிவு சொல்வதாக ஏற்பாடு.

மாப்பிள்ளையாகப் போகும் அவர் மகன் மரிய அருண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரியைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் தன்னார்வலர் கூட்டத்தில் அவனும் ஒருவன்.

பிரான்சுவாவின் தாத்தா பிரெஞ்சு கவர்னருக்குக் கைகொடுத்தவர். அந்தக் கையை மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்தார் என்பது குடும்ப வரலாறு. அந்த வம்சத்துப் பிள்ளை ஊர் பார்க்கச் சேறு அள்ளுவதா? அவனை வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் பிரான்சுவா வந்திருந்தார்.

“டேய், மேல வாடா. உன் மாமனாரு வந்துட்டாரு!”

“வரட்டும்ப்பா. அவரும் ரெண்டு கை புடுங்கட்டும்.”

“எரும மாதிரி சேத்துல நிக்கிறியே, எவன்டா பொண்ணு குடுப்பான்?”

அதற்குள் லூர்துபிரகாஷ் திரும்பிவிட்டார். பிரான்சுவாவைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையும் களவுமாய்ப் பிடிபட்டால் எந்த ஒற்றனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பிரான்சுவா நினைத்துக்கொண்டார்.

“முசியே!” என்றார் லூர்துபிரகாஷ், பிரெஞ்சு மரியாதை தவறாமல். “நீங்க எங்க இங்க?”

“நீங்க எங்க இங்க?”

“நான்... சும்மா, சேவதான். தெனம் காத்தால கொஞ்ச நேரம். பதினொரு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன்.”

பிரான்சுவாவின் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. சம்பந்திக்குச் சேவை பிடிக்கும்! அடுத்த நொடியே அவர் குரல் மாறியது.

“சேவைன்னா எங்க பரம்பரைக்கே உயிரு முசியே! இவன நாந்தான் அடிச்சு எழுப்பி அனுப்பி வைக்கிறேன்.”

மரிய அருண் கையிலிருந்த செடியை அப்படியே நழுவவிட்டான்.

லூர்துபிரகாஷ் தண்ணீரில் இறங்கினார். சேவைப் பரம்பரையின் தலைவர் மட்டும் கரையில் நின்றால் நன்றாகவா இருக்கும்? கோயிலுக்கென்று போட்டுவந்த வெள்ளைக் கால்சட்டையோடு பிரான்சுவாவும் இறங்கினார். ஏரி அவரை இடுப்புவரை வரவேற்றது. முதல் காரியமாகக் கைக்கு எட்டிய ஒரு கற்றையைப் பிடித்து, ஊரே பார்க்கும்படி ஓங்கி இழுத்தார்.

“பெரியவரே, அது கோரப்புல்லு! அத வுட்டுடுங்க, உள்ள நாமக்கோழி கூடு கட்டியிருக்கு,” என்று கத்தினாள் பயிற்சி கொடுக்கும் பாக்கியலட்சுமி. “தண்டு பலூன் மாதிரி உப்பியிருக்குதே, அத மட்டும் எடுங்க.”

“தெரியும்மா, தெரியும். சரியா சொல்லித் தரியான்னு பாத்தேன்.”

“அதோ, அந்த சாரப் பாத்துக் கத்துக்கோங்க. வேரு அறாம எப்படிச் சுருட்டுறாரு பாருங்க.”

உண்மைதான். ஆறு வாரமாக வரும் மரிய அருணுக்கே அந்த லாவகம் வரவில்லை. லூர்துபிரகாஷ் பாய் சுருட்டுவது போலச் செடிகளைச் சுருட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் ஆயிற்றே, ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார் என்று பிரான்சுவா தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. நிமிர்ந்து பார்த்தபோது, கரையில் பூவரச மரத்தடியில் வினோத்குமார் என்ற இளைஞன் நீட்டிய நோட்டில் லூர்துபிரகாஷ் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரான்சுவாவுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நாலு பேர் நடுவில், தன் பேர் பதிவாகியிருக்கிறது, சம்பந்தி பேர் இல்லை என்று இந்த மனுஷன் சொல்லிக் காட்ட மாட்டாரா? சொட்டச் சொட்ட மரத்தடிக்குப் போனார்.

“தம்பி, அந்த நோட்ட இப்படிக் குடு. எங்க பேரும் ஏறணும்.”

“உங்களுக்கு வேணாங்கய்யா. இது சாருக்கு மட்டுந்தான்.”

“அதென்ன அவருக்கு மட்டும்? அவருக்கு நாங்க எதுல கொறஞ்சிட்டோம்?”

“வாங்க முசியே, நேரமாச்சு, போயிடலாம்.” லூர்துபிரகாஷ் அவர் கையைப் பிடித்து இழுத்தார். பிரான்சுவா உதறினார். ஏரிக்குள் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நெல்லித்தோப்புல போயிக் கேளு, நாங்க யாருன்னு சொல்லுவாங்க. அவரு பேரு இருக்கற நோட்டுல எங்க பேரு இருக்கக் கூடாதா? இன்னிக்கி எழுதாம இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன்!”

வினோத்குமார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

“தாராளமா எழுதலாங்கய்யா. அதுக்கு நீங்களும் குடிச்சிட்டு பீச் ரோட்டுல உருண்டு, ஜட்ஜய்யா கிட்ட பத்து நாள் ஏரி வேலய தண்டனையா வாங்கிட்டு வரணும்.”