துலக்கிய சரக்கு

"அத்தா, இருமல் மட்டுமே நாப்பத்தோரு எடத்துல இருக்கு. தும்மல் தனி. நடுவுல எவனோ கத்த வேற செய்யறான்."

"எல்லாத்தையும் எடும்மா ஷமீரா. நாற்காலி கிறீச்சுன்னா அதையும் விடாத."

ஹபீப் முகம்மதுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கும்பகோணத்தில் பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கிறவர். புளி போட்டுத் துலக்காமல் ஒரு குத்துவிளக்கைக்கூட யார் கண்ணிலும் காட்டியதில்லை.

இந்தச் சரக்குதான் அவருக்குப் புதிது. தஞ்சாவூரில் ஒரு சபாக் காரியதரிசி வீட்டுப் பழஞ்சாமான்களோடு ஒரு கேசட் வந்திருந்தது. உலகமே கொண்டாடிய செல்லோ மேதை ஒருவர், எண்பத்தேழில் தஞ்சாவூருக்கு வந்து, ஆள் உயர வயலின் போன்ற அந்த வாத்தியத்தை வாசித்த கச்சேரி. இணையத்தில் விளம்பரம் போட்டு ஒரு மாதமாக யாரும் சீந்தவில்லை. இன்று காலையில்தான் பூதலூரிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். உடனே பஸ் ஏறியும் விட்டாள்.

மறுபடி போன்.

"ஐயா, ஈஸ்வரி பேசறேங்க. பாபநாசம் தாண்டிட்டோம். அதுல ஜனங்க சத்தமெல்லாம் கேக்குதுங்களா?"

மூன்றாவது முறையாக அதே கேள்வி. விலையைக் குறைக்கப் பழுது தேடுகிறாள்! முப்பது வருட வியாபாரத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

"நேர்ல வந்து உங்க காதாலயே கேளுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

"ஆச்சா ஷமீரா?"

"ஆச்சுத்தா." மகள் துபாயில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவள், வேலை சுத்தம்.

"துலக்காத பழசையும் வெச்சிருக்கியா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. கேசட்டுதான் ஒரு தடவை ஓடினதும் சிக்கிப் பிஞ்சு போச்சே."

"அழிச்சுடு."

"இருந்துட்டுப் போகட்டுமே அத்தா?"

"பழசைக் காட்டுன்னு கேட்டா? அதைக் கேட்டுட்டா பழைய சாமான் விலைதான் பேசுவாங்க. அழின்னா அழி!"

ஷமீரா அழித்தாள்.

ஈஸ்வரி வந்தாள். உட்காரச் சொன்னதும் காதில் விழவில்லை, டீயும் வேண்டாம். நின்றபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஓரிடத்தில் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"இந்த எடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள் ஷமீரா.

"இன்னொரு தடவை."

நான்காவது தடவையில் ஹபீப் முகம்மதுவுக்கு வேர்த்துவிட்டது. "ஏதாச்சும் சத்தம் மிச்சம் இருக்காம்மா?"

"ஒண்ணுமே இல்லீங்களே."

"அப்படிச் சொல்லுங்க! ஊசி விழுந்தாக்கூட கேக்கும். எதுக்கும் ஐந்நூறு ரூபா குறைச்சுக்கறேன்."

ஈஸ்வரி ஹெட்போனைக் கழற்றினாள்.

"விலைக்கு இல்லீங்க. இங்க ஒருத்தர் தன்னை மறந்து 'பலே!'ன்னு கத்தினாராம். வாசிச்ச வெள்ளைக்காரரே சிரிச்சுட்டாராம், அம்மா சொல்லும். அப்ப நான் வயித்துல ஏழு மாசம்."

"யாரும்மா அவரு?"

"எங்கப்பா. நான் பொறக்கறதுக்குள்ள போயிட்டாரு. அவரு குரல் எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னுதாங்க வந்தேன்."