உரம் போடாத மேடு

ஹெலெத்துக்கு வயிறு எரிந்தது. பின்னே எரியாதா?

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரி மைனிரின் மேட்டில், ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தார் எம்ரிஸ் சார். வேல்ஸ் மலைப்பக்கத்தில் எந்தக் காளானுக்கும் பெயர் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. மூக்குக்கு நேரே பூதக்கண்ணாடி. அதற்கு நேரே ஒரு ரோஸ் நிறக் காளான்.

"விஷமா இருக்கப் போகுது சார், தொடாதீங்க!" வேலிக்கு மேலாகக் கத்தினாள் ஹெலெத்.

"விஷமெல்லாம் இல்லம்மா. தொட்டா மெழுகுவத்தி மாதிரி இருக்கு. அடி மடிப்பெல்லாம் வெளுப்பா, தள்ளித் தள்ளி. குடை ஓரம் கிழிஞ்சு, ஆட்டக்காரி பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கு. சந்தேகமே இல்ல, இளஞ்சிவப்பு மெழுகுக் காளான்தான்! இந்தப் பக்கத்துல நான் பார்த்ததே இல்ல."

போச்சு. வருஷா வருஷம் சாரோடு ஊரார் காளான் பார்க்கப் போகும் நடை இந்தத் தடவை மைனிர் வீட்டு வாசலில்தான் முடியும். ஊரே அங்கேதான் டீ குடிக்கும். தன் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று ஹெலெத் பழ ரொட்டிகூடச் சுட்டு வைத்திருந்தாள்.

"என் புல்லுல மட்டும் ஏன் சார் முளைக்கல? கம்பளம் மாதிரி வச்சிருக்கேனே!"

"அதான் வினை. உரம் போட்ட மண்ணுல இது தலையே காட்டாது."

"ஓஹோ! சோம்பேறித்தனத்துக்குப் பரிசா? அவ ஆடுங்களைப் பாருங்க, எலும்பும் தோலுமா. பாதி மந்தையை வித்தாலும் விப்பா, ஒரு மூட்டை உரம் வாங்க மாட்டா மகராசி."

மைனிர் காதில் விழாமலா இருக்கும்? சற்றுத் தள்ளித்தான் ஆடுகளுக்கு வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள்.

எம்ரிஸ் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டார். "நானும் கேக்கணும்னு இருந்தேன் மைனிர். அந்தக் காலத்துல ஊரே லாரி லாரியா உரம் இறக்கிச்சே, நீ மட்டும் ஏன் வேணாம்னு சொன்னே?"

மைனிர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள்.

"ஊத்து இந்த மேட்டுக்கு அடியிலதான் சார் இருக்கு. ஹெலெத் வீட்டுக் குழாய்க்கு அந்தத் தண்ணிதான் போகுது. அப்ப அவ நிறைமாசம். உரம் இறங்கின தண்ணியில பால் பவுடர் கரைச்சுக் கொடுத்தா பச்சைக் குழந்தை நீலம் பாரிச்சுடும்னு நர்ஸ் சொன்னாங்க. அதான்."

"அந்தக் குழந்தைதான் இப்ப டிராக்டர் ஓட்டுறானே! இன்னும் ஏன்?"

மைனிர் வேலிப் பக்கம் திரும்பவேயில்லை.

"அவன் பொண்டாட்டி இப்ப முழுகாம இருக்கா, சார்."