மூக்கு திறந்தால் காசு

காத்தமுத்து, மருந்துக்கடை ராவுத்தருக்குத் தரவேண்டியது சரியாக இரண்டு வெள்ளி நாற்பது காசு. ஒன்றரை வருடமாக அடைத்துக் கிடக்கும் மூக்குக்கு வாங்கிய மூன்று புட்டி சாதிக்காய்த் தைலத்தின் விலை அது. மூக்கு திறந்தால்தான் காசு என்பது பேச்சு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் உச்சிவெயில் கடைக்குள் ஒரு முழம் நுழைந்து புட்டிகளில் மஞ்சளாக நிற்கிறது. வெளியே ஜப்பான் பட்டாள லாரி ஒன்று உறுமிக்கொண்டு போக, புட்டிகள் கிணுகிணுக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோளைத் தேய்த்தபடி காத்தமுத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ராவுத்தர் அவன் மூக்கடியில் தைலத்தைத் தடவி, "இழு தம்பி, நல்லா இழு" என்கிறார்.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் பாய். திறக்கல லா."

"காசு குடுக்கணுமேன்னு நீயே பூட்டி வெச்சிருக்கே!"

சிரிக்கப்போனவனின் மூக்குக்குள் ஏதோ பட்டென்று விடுகிறது. முதலில் தைலத்தின் காரம் ஏறுகிறது. அதன் பின்னால் வேறொரு வாசம் வருகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு வெள்ளி நாற்பது மிச்சம். ஆனால் பின்கட்டில் அடிப்பிடிப்பது சோறு. ஜப்பான்காரன் ஆட்சியில் ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்னும் நாளில், ராவுத்தர் ஒரு வாரம் சேர்த்து வைத்த ரேஷன் அரிசி. நாளெல்லாம் தைலத்தில் ஊறிய அவர் மூக்குக்கு அது எட்டவில்லை.

"பாய், சோறு தீயுது!"

ராவுத்தர் ஓடிப்போய்ப் பானையை இறக்குகிறார். அடியில் மட்டும்தான் கருகியிருக்கிறது. காத்தமுத்து இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கசங்கிய ஜப்பான் நோட்டுகளை எண்ணத் தொடங்குகிறான்.

"உள்ள வை லா," என்கிறார் ராவுத்தர், இரண்டாவது தட்டைத் துடைத்தபடி. "கணக்கு தீர்ந்துபோச்சு. வந்து உக்காரு."