ரப்பர் நோயாளி

நோயாளியைப் பிரிய மனமில்லாமல், அவளைக் குணமாகவே விடாத ஒரு டாக்டரின் கதையைப் படமாக எடுத்தார்கள். நான் அங்கே சாமான் தூக்குகிறவன். நடிகை வராத நாளில் கட்டிலில் ரப்பர் பொம்மையைப் படுக்க வைப்போம். டாக்டராக நடித்தவர் அதன் கையைப் பிடித்து அழுதால் எனக்கும் கண் கலங்கிவிடும். அப்படி ஒரு நடிப்பு.

கடைசி நாள், வேலை முடிந்தும் அவர் பொம்மையின் கையை விட்டு எழவில்லை.

“அண்ணே, வாடகைப் பொம்மை. வண்டியில ஏத்தலைன்னா என் கூலியப் பிடிச்சிடுவாங்க.”

“இவளுக்குக் காய்ச்சல் குறையலப்பா. இப்ப அனுப்ப முடியாது.”

மனுஷன் இன்னும் டாக்டராகவே இருக்கிறாரே என்று வியந்தபடி பொம்மையைத் தூக்கினேன். அதன் உடம்பு கொதித்தது.

“பொம்மையத் தூக்க இவ்வளவு நேரமாய்யா? கல்யாணம் பண்ணிக்கிட்டியா?” என்று வெளியே வண்டிக்காரன் கத்தினான்.

அவளை மெல்லப் படுக்க வைத்தேன். கூலி போனால் போகட்டும் என்று, நெற்றியில் போட ஈரத்துணி தேடினேன்.